பேசாத சம்பந்தியோடு கடலோரம்

கடலைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்ததில்லை. பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் நெல்லும் நிலக்கடலையும் போடுகிறவனுக்குக் கடலில் என்ன வேலை? தண்ணீர் நிறைய இருக்கிறது என்பார்கள். ஆனால் பயிருக்குப் பாய்ச்ச முடியாத தண்ணீர் என்றும் அவர்களே சொல்வார்கள். அதோடு எனக்கு அந்த விஷயம் முடிந்துவிட்டது.

நான் போனது சம்பந்தியோடு பேசுவதற்காக. அவரோ பேசாமல் இருப்பதற்காகப் போனார்.

என் மகன் லாரி ஓட்டுகிறான். சாந்தன்பாறை மலைக்கு ஏலக்காய் மூட்டை ஏற்றப் போன இடத்தில் அங்கிருந்த கங்காணியின் மகளைப் பார்த்துவிட்டான். அப்படித்தான் எங்களுக்கு அந்த மலை உறவானது. கங்காணி என்றால் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிறவர். அந்த மலையில் பாதி நாள் பனிமூட்டம். பத்தடி தூரத்தில் இருப்பவளுக்குக் கங்காணியின் கை தெரியாது, தலை தெரியாது, சத்தம் மட்டும்தான் போய்ச்சேரும். அதனால் சம்பந்தி சிறு வயதிலிருந்தே சத்தமாகவே வளர்ந்தவர். தேநீர் கேட்டால்கூட அடுத்த சரிவில் இருப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

நான் அதற்கு நேர்மாறு. சந்தையில் விலை கேட்பதற்கே மனைவியைக் கூட்டிப்போகிறவன்.

போன வருடம் மருமகள் முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போனாள். அது மழைக்காலம். வலி வந்தபோது பூப்பாறைக்குப் பக்கத்தில் ரோட்டில் மண் சரிந்து கிடந்தது. ஜீப்பைத் திருப்பி வேறு வழியாகச் சுற்றி ஆஸ்பத்திரிக்குப் போய்ச்சேர்ந்தார்கள். மருமகள் மட்டும் பிழைத்தாள்.

இப்போது மறுபடியும் ஆறாவது மாதம். சம்பந்தி இந்தத் தடவையும் பெண்ணைத் தன் வீட்டுக்கே அனுப்ப வேண்டும் என்றார். என் மனைவி முடியாது என்றாள். ஆனால் அதை அவரிடம் சொல்ல வேண்டியவன் நான் என்று அவளே முடிவு செய்துவிட்டாள். "பாலக்காட்டு ஆஸ்பத்திரி நமக்குப் பக்கத்துல இருக்குது. பிரசவம் இங்கதான்னு வாயத் தொறந்து சொல்லிப்போட்டுத்தான் நீங்க வரோணும்" என்றாள். நான் முன்பே இரண்டு மூன்று தடவை முயன்றேன். நான் "ஏனுங்க சம்பந்தி" என்று ஆரம்பிப்பேன். அவர் அதைத் தனக்கு வந்த அழைப்பாக எடுத்துக்கொண்டு பேச ஆரம்பிப்பார். சாயங்காலம் ஆகிவிடும்.

அப்போதுதான் அவர் பிரசவம் நல்லபடி முடிவதற்காக நேர்ந்துகொண்டிருக்கும் செய்தி வந்தது. அவருடைய பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், உவரி. அவர்கள் வகையறாவில் ஒரு வழக்கம். நேர்ந்துகொள்கிறவர் தன்னிடம் எது அதிகமாக இருக்கிறதோ அதைத்தான் சாமிக்குக் கொடுக்க வேண்டும். அவருடைய அப்பாவிடம் ஆடு இருந்தது, கிடா கொடுத்தார். தங்கைக்கு முடி நீளம், முடி கொடுத்தாள். சம்பந்தியிடம் இருந்தது சத்தம். உவரிக் கடலில் குளித்து, கரையோரமாகவே நடந்து, திருச்செந்தூர்க் கடலில் குளிக்கும் வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது. செருப்பு கூடாது, மீன் கூடாது. வாய் திறந்துவிட்டால் திரும்பவும் உவரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

துணைக்கு ஒரு ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். "தொணைக்கு வார ஆளு பேசலாம் சம்பந்தி, தப்பில்ல" என்றார். அதை ஒரு சலுகை போலச் சொன்னார்.

உவரிக்குப் போகும் பஸ்ஸில் அவர் மிச்சமிருந்த பேச்சையெல்லாம் பேசித் தீர்த்துவிட நினைத்தார். உவரிக் கடலைப் பற்றியும், சாமியைப் பற்றியும், இறங்க வேண்டிய இடத்தில் ஒரு புளியமரம் இருப்பதைப் பற்றியும் சொல்லிக்கொண்டே வந்தார். அந்தப் புளியமரத்தைத் தாண்டி வெகு நேரம் ஆகியிருந்தது. கண்டக்டர் எங்களை ஒரு பொட்டலில் இறக்கிவிட்டார். வந்த வழியே வெயிலில் நடந்தோம். என் வேலையைச் சொல்ல அதுதான் நல்ல நேரம். ஆனால் அவர் அந்தக் கண்டக்டரைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்.

உவரியில் கடலை முதன்முதலாகப் பார்த்தேன். சொன்னது போலவே தண்ணீர் நிறைய இருந்தது. கோயில் கரையிலேயே இருக்கிறது. ஜனங்கள் கடலில் முங்கி எழுந்து, பனையோலைப் பெட்டியில் ஈர மண்ணை அள்ளித் தலையில் சுமந்து கோயில் பக்கம் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். அதுவும் நேர்ச்சைதான். அந்த மண் மேடாகக் குவிந்திருக்கிறது. யாராவது அதை வண்டியில் ஏற்றி நிலத்துக்கு அடிக்கிறார்களா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

சம்பந்தி தண்ணீரில் இறங்கும் முன் என்னைப் பார்த்து, "வேற ஏதும் கேக்கணுமா சம்பந்தி?" என்றார்.

"இல்லீங்க" என்று என் வாய் சொல்லிவிட்டது. அவர் முங்கினார். எழுந்தபோது ஊமை.

முதல் நாள் நடையில் எனக்குத் தெரிந்தது, அவருக்குக் கைச்சாடை வராது என்பது. பனிமூட்டத்தில் வேலை செய்தவருக்குச் சாடை எதற்கு? தண்ணீர் வேண்டுமென்றால் கையை வானத்துக்குத் தூக்குவார். உட்கார வேண்டுமென்றாலும் அதேதான். நான் தண்ணீர்ப் பாட்டிலைக் கொடுப்பேன், அவர் தலையில் அடித்துக்கொண்டு உட்காருவார். உட்கார்ந்த உடனே இரண்டு கணுக்காலையும் தடவிப் பார்ப்பார். மலையில் உட்கார்ந்தால் அட்டைப்பூச்சி ஏறியிருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம். மடியில் அட்டையை விரட்ட உப்பும் புகையிலையும் கட்டிய ஒரு சின்னத் துணி முடிச்சு வேறு. கடற்கரைக்கு உப்பு கொண்டுபோன மனிதர் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

மணலில் நடப்பது சேற்றில் நடப்பது போலத்தான். ஈர மணல் ஓரமாக நடந்தால் கால் புதையாது என்பதைக் கண்டுபிடித்துக்கொண்டேன். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் செம்மண் மேடு. தேரி என்கிறார்கள். ரத்தச் சிவப்பு. அதன்மேல் பனைமரம். எங்கள் ஊரிலும் பனை உண்டு, காற்றும் உண்டு. ஆனால் எங்கள் ஊர்க் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே ஒரு பக்கமாகத்தான் வரும், வேலைக்குப் போகிற ஆள் மாதிரி. இங்கே காற்றுக்கு வேலை இல்லை. எல்லாப் பக்கமும் சுற்றுகிறது.

பனையைப் பார்த்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது. ஒருவர் மரத்திலிருந்து கலயத்தோடு இறங்கிக்கொண்டிருந்தார். நானே போய், யாரும் தூண்டாமல், பேச்சு கொடுத்தேன்.

"கள்ளுங்களா?"

அவர் பாதி மரத்தில் நின்றுவிட்டார். தமிழ்நாட்டில் கள்ளுக்கடைகளை மூடிவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் தெரிந்த விஷயம் சரியான நேரத்தில் ஞாபகம் வருவதில்லை. எங்கள் ஊரில் அது காலையில் குசலம் விசாரிப்பது போன்ற கேள்வி.

"யாரு நீரு? போலீசா?" என்றார் மேலேயிருந்து.

"இல்லீங்க. கேரளாவுங்க."

"கேரளாக்காரன் தமிழ் பேசிட்டு கடக்கரையில கள்ளு கேக்கான். நம்பச் சொல்லுதீரு." அவர் சம்பந்தியைப் பார்த்தார். "அவரு யாரு? ஏன் பேச மாட்டாரு? அவருதான் இன்ஸ்பெக்டரா?"

தான் பேசக் கூடாது என்று காட்டச் சம்பந்தி வாயைப் பொத்தினார். அது, வாயைத் திறக்காதே என்று என்னை மிரட்டுவது போல இருந்தது. மரத்திலிருந்தவருக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. நான் நேர்ச்சை, மருமகள், ஆறாவது மாதம் என்று வரிசையில்லாமல் சொன்னேன். வெகு நாளைக்குப் பிறகு ஒரு அந்நியரிடம் அவ்வளவு பேசினேன். கடைசியில் அவர் இறங்கி வந்து கலயத்தின் உள்ளே தடவியிருந்த சுண்ணாம்பைக் காட்டினார். "பாத்துக்கிடுங்க. பயினி. பதநீருல்லா இது. சுண்ணாம்பு போட்டுட்டா பொங்காது. மேலிடத்துல இதையே சொல்லுங்க" என்று சொல்லிப் பனையோலையில் பட்டை மடித்து இருவருக்கும் ஊற்றினார். எங்கள் ஊரில் பனையிலிருந்து இறங்குவதைக் குடித்தால் பேச்சு வரும். இங்கே தாகம்தான் அடங்கியது.

அன்று இரவு பெரியதாழையில் தங்கினோம். சாப்பாடுதான் கஷ்டம். மீன்பிடிக்கிற ஊரில் மீன் இல்லாத சோறு கேட்டால், கடைக்கார அம்மாள் என்னை உடம்பு சரியில்லாதவனைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"மீனு இல்லாம கொழம்பா? அது எதுக்கு?"

"நேர்ச்சைங்க. அவருக்கு."

"அவருக்குத்தான? ஒமக்கு மீனு போடட்டா?"

சம்பந்தி என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்றேன். கருப்பட்டிக் காப்பியும் இட்டிலியும் கிடைத்தன. சட்னி அரைத்த அம்மி அதற்கு முன் எதை அரைத்திருந்தது என்று நாங்கள் இருவரும் யோசிக்காமல் சாப்பிட்டோம். "கேரளாவுன்னா கடலு உண்டுல்லா? அங்கயும் மீனு திங்க மாட்டீயளா?" என்று அவள் கேட்டாள். கேரளாவில் கடல் இருக்கிறது, நான் பார்த்ததில்லை என்றேன். அவள் உள்ளே போய்ப் புருஷனிடம் அதைச் சொல்வது கேட்டது.

இரண்டாம் நாள் வெயில் ஏறும் முன்பே மணப்பாடு வந்துவிட்டது. கடலுக்குள் நீட்டிக்கொண்டு ஒரு மணல் மலை. அதன் உச்சியில் சிலுவைக் கோயில். கீழே பெரிய பெரிய வீடுகள். முன்னொரு காலத்தில் கொழும்புக்குப் போய் வியாபாரம் செய்தவர்கள் கட்டியவை என்றார்கள். மரக்கப்பல் ஒன்று புயலில் சிக்கிக் கரை சேர்ந்ததாம். அதன் பாய்மரத்தை வெட்டித்தான் முதலில் சிலுவை நட்டார்களாம். பிழைத்தவர்கள் நேர்ந்துகொண்டது என்று ஒரு பெரியவர் சொன்னார். அவர்களிடம் அதிகமாக இருந்தது மரம்தான் போல. சம்பந்தி தலையை ஆட்டினார்.

வெளிநாட்டுப் பாதிரியார் ஒருவர் தங்கியிருந்த குகை ஒன்று கடலைப் பார்த்தபடி இருக்கிறது. உள்ளே கிணறு. கடல் அந்தப் பக்கம் அடித்துக்கொண்டிருக்க, இந்தக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கவில்லை. வாங்கிக் குடித்தேன். எத்தனையோ கிணறு வெட்டியிருக்கிறேன், எனக்கே காரணம் புரியவில்லை. சம்பந்தி இந்து, நானும் இந்து. ஆனால் அவர் அங்கே நின்று வெகு நேரம் கும்பிட்டார். பெண்ணுக்காக எந்தச் சாமியையும் விட்டுவிட அவர் தயாராக இல்லை.

மணப்பாட்டைத் தாண்ட ஒரு ஆற்றைக் கடக்க வேண்டும். கருமேனி ஆறு அங்கேதான் கடலில் சேர்கிறது. மலைக்கு ஏறும் முன்பே கூச்சத்தை விட்டு ஒரு பெண்ணிடம் ஆழம் விசாரித்து வைத்திருந்தேன். வலையை உதறிக்கொண்டிருந்த அவள் பெயர் லூர்து. "இடுப்பளவுதான் அண்ணாச்சி. பேசாம எறங்கிப் போங்க" என்றாள். நாங்கள் மலை ஏறி, குகை பார்த்து, சோறு தின்று, ஒரு நிழலில் படுத்து எழுந்து, பிறகு ஆற்றுக்கு வந்தோம்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு ஆறு தெரியும். எங்கள் ஊரில் ஆற்றில் தண்ணீர் கூட வேண்டுமானால் மேலே மழை பெய்ய வேண்டும், அல்லது யாராவது மதகைத் திறக்க வேண்டும். காலையில் இடுப்பளவு என்றால் சாயங்காலமும் இடுப்பளவுதான். மழை இல்லை. மதகு இல்லை. அதனால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பையைத் தலையில் வைத்துக்கொண்டு, சம்பந்திக்கு வழி காட்டுகிறவன் போல முன்னால் இறங்கினேன்.

கடல் வெளியேயிருந்து ஆற்றுக்குள் வரும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

இடுப்பளவு வந்தது. நெஞ்சளவு வந்தது. காலுக்குக் கீழே இருந்த மணல் தானாக நகர்ந்து போவது தெரிந்தது. நான் கூப்பிடவில்லை. இது எனக்கே விசித்திரம்தான். முங்கப் போகிற நேரத்திலும், கத்தினால் அந்தப் பக்கம் வலை உலர்த்துகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்களே என்று இருந்தது.

அப்போது பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

"ஆனே! ஆனே! மேல ஏறு! மேல ஏறு!"

சாந்தன்பாறையில் ஆபத்து என்றால் யானைதான். ஏலக்காட்டில் யானை வந்தால் கங்காணி போடுகிற சத்தம் அது. கேட்டவர்கள் எதைப் பிடித்திருந்தாலும் போட்டுவிட்டு மேட்டுக்கு ஓட வேண்டும். அவருடைய வாய் வேறு எதையும் கற்றுக்கொண்டதில்லை. நான் அந்த மலைக்கு நாலைந்து தடவைதான் போயிருக்கிறேன். ஆனால் அந்தச் சத்தத்துக்குப் படிப்பு தேவையில்லை. பையைப் போட்டேன். திரும்பினேன். யானை துரத்துகிறவன் போலக் கரையை நோக்கிக் கை கால்களை அடித்தேன். மீன்பிடிக்கிறவர்கள் நான்கைந்து பேர் ஓடி வந்தார்கள். ஒருவர் நீட்டிய துடுப்பு என் கையில் பட்டது.

கரையில் இழுத்துப் போட்ட பிறகு, அவர்களில் ஒருவர் என்னைப் பார்க்காமல் பனங்காட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "ஆனை எங்கவே?"

"ஆனை இல்லீங்க" என்றேன், இருமிக்கொண்டு.

"அப்ப ஆனைன்னு கத்துனது?"

"அவரு மலைங்க."

அவர்களுக்கு அது போதவில்லை. ஆனால் சம்பந்தியைப் பார்த்ததும் கேள்வியை நிறுத்திவிட்டார்கள். அவர் மணலில் உட்கார்ந்திருந்தார். கணுக்காலைத் தடவிப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். இந்தத் தடவை அந்தச் சாடை எனக்கு விளங்கியது.

எங்களை லூர்துவின் வீட்டு வாசலுக்குக் கூட்டிப்போனார்கள். விஷயம் தெரிந்ததும் பஞ்சாயத்து கூடிவிட்டது. நேர்ச்சை முறிந்ததா, இல்லையா?

"உசுரக் காப்பாத்தப் போட்ட சத்தம். அத எந்தச் சாமியும் கணக்குல வைக்காது" என்றார் துடுப்பு நீட்டியவர்.

"அது பேச்சே இல்லங்கேன்" என்றாள் லூர்து. "ஆனையே இல்லாம ஆனைன்னு சொன்னா அது என்ன பேச்சு? மாடு கத்துத மாதிரிதான்."

"மாடா?" என்றார் சம்பந்தி.

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"இல்ல தாயி" என்றார் அவர். "நான் பேசிட்டேன். முருகன்கிட்டப் போயி, மாடு மாதிரி கத்துனேன், விட்டுருங்கன்னு சொல்ல முடியுமா? நாளைக்கு உவரிக்குப் போயி முதல்ல இருந்து நடக்கேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "சம்பந்தி, ஆத்துல எறங்குத ஆளு, எறங்கையில ஆழம் கேக்க மாட்டீயளா? காலையில கேட்டா அது காலைக்குள்ள ஆழம்லா? பெரியதாழையில அந்தம்மாட்ட நீங்க..."

வாய் திறந்துகொண்டது. எனக்குக் காப்பி வந்தது, காய்ந்த வேட்டி ஒன்று வந்தது. அவர் பனையேறியைப் பற்றிப் பேசினார். பஸ் கண்டக்டரைப் பற்றி விட்ட இடத்திலிருந்து பேசினார். மணப்பாட்டு ஜனங்கள் கதை கேட்பதுபோல உட்கார்ந்திருந்தார்கள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. காலையில் அவர் கடலில் முங்கிவிடுவார் என்பது எனக்கு ஞாபகம் வந்தது.

"சம்பந்தி" என்றேன். அவர் கவனிக்கவில்லை. "சம்பந்தி, கொஞ்ச நேரம் வாய மூடுங்க."

என் வாழ்நாளில் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. அவர் மூடிவிட்டார். என்னைவிட அவருக்கு ஆச்சரியம்.

"புள்ளைக்கு எங்க ஊட்லயே பிரசவம் பாத்துக்கலாமுங்க" என்றேன். "பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்கு ரோடு சமமா இருக்குது. மண்ணு சரியாது."

கூட்டத்தில் ஒருவர் இருமினார். லூர்து மற்றவர்களைக் கண்ணாலேயே எழுப்பி அனுப்பிவிட்டாள்.

அவர்கள் போன பிறகு சம்பந்தி சொன்னார். சத்தமில்லாமல் சொன்னார், அப்படி அவரால் முடியும் என்று அன்றுதான் தெரிந்தது. "போன தடவ என் வீட்ல இருந்து பிள்ளைய வெறுங்கையோட அனுப்பி வச்சேன் சம்பந்தி. இந்தத் தடவ என் வீட்டு வாசல்ல இருந்து கைக்கொழந்தையோட அனுப்பணும். இல்லாட்டி அவ அம்மை எந்திரிக்க மாட்டா. இப்பமும் அந்த ஜீப்பு சத்தம் கேட்டா அழுதா."

இதற்கு என் மனைவி எந்தப் பதிலும் சொல்லிக்கொடுத்து அனுப்பவில்லை. நானே யோசிக்க வேண்டியிருந்தது.

"காலையில கேக்கறப்ப ரோடு நல்லா இருக்குதும்பாங்க" என்றேன். "வலி வர்றப்ப எப்படியிருக்கும்னு ஆருக்குங்க தெரியும்? இன்னைக்கு நான் பாத்தனல்லங்க." நான் விடவில்லை. "எங்க தோட்டத்துல பம்பு செட்டு ஊடு ஒண்ணு இருக்குதுங்க. மோட்டார எடுத்து வெளிய வெச்சுட்டா நல்ல ரூமு. நீங்களும் சம்பந்தியம்மாவும் முன்னாடியே வந்து அதுல அடுப்பப் பத்த வெச்சீங்கன்னா, அது உங்க ஊடு. தாய்வீடுதானுங்க. புள்ள அங்க வந்து இருக்கட்டும். அங்கிருந்து ஆஸ்பத்திரி போகட்டும். திரும்ப அங்கயே வரட்டும். அப்பறம் உங்க வாசல்ல இருந்து எங்க வாசலுக்கு அனுப்பி வையுங்க."

அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவ்வளவு பேசியதில் களைத்துப்போயிருந்தேன்.

மறுநாள் காலையில் பஸ் வரவில்லை. லூர்து ஒரு லாரியைக் கைகாட்டி நிறுத்தி எங்களை ஏற்றிவிட்டாள். கருவாட்டு லாரி. மீன் ஆகாத நேர்ச்சைக்காரர்கள் இருவரும் கருவாட்டு மூட்டை மேல் உட்கார்ந்து உவரிக்குத் திரும்பினோம். தின்னத்தான் கூடாது, உட்காரலாம் என்று சம்பந்தி சொன்னார். அதற்கு மேல் பேசவில்லை. பேசலாம், தடையில்லை. இருந்தும் பேசவில்லை.

உவரியில் முங்கும் முன், "வேற ஏதும் கேக்கணுமா சம்பந்தி?" என்றார் மறுபடியும்.

"கேட்டதுக்கே பதில் வரலீங்க" என்றேன்.

அவர் முங்கிவிட்டார்.

அதே கரையில் அதே காலடி. பனையேறி தூரத்திலேயே எங்களைப் பார்த்து, "இன்ஸ்பெக்டரையா, வாங்க!" என்று கூப்பிட்டுப் பட்டை மடித்தார். பெரியதாழைக் கடைக்கார அம்மாள், எங்களைக் கண்டதும் கேட்காமலே மீன் இல்லாத குழம்பு வைத்தாள். அதைச் சாப்பிட்ட பிறகு அவர்கள் ஏன் மீன் போடுகிறார்கள் என்பது புரிந்தது. மணப்பாட்டு ஆற்றில், துடுப்பு நீட்டியவரே வள்ளத்தில் அக்கரை சேர்த்தார். "ஆனை உண்டா?" என்று பயல்கள் கரையிலிருந்து கத்தினார்கள். சம்பந்தி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதுதான் அந்த நேர்ச்சையிலேயே கஷ்டமான இடம் என்று நினைக்கிறேன்.

குலசேகரன்பட்டினத்தில் டீக்கடையில் ஒரு முஸ்லிம் பெரியவர் எங்களோடு உட்கார்ந்தார். ஒரு காலத்தில் இங்கே கப்பல் நின்றது, குட்டி ரயில்கூட ஓடியது என்று தண்டவாளம் போன பாதையைக் காட்டினார். இப்போது அதில் ஆடு மேய்ந்தது. "ரயிலு நின்னு போச்சு. கப்பலு நின்னு போச்சு. ஆளு மட்டும் நடந்துக்கிட்டுதான் இருக்கீங்க" என்றார். எதற்காக நடக்கிறோம் என்று கேட்டார். நான் முழுவதும் சொன்னேன். பம்பு செட்டு வீட்டைப் பற்றியும் சொன்னேன். சம்பந்தி கேட்கட்டும் என்றே சொன்னேன். வாய் திறக்க முடியாதவரிடம் இப்படி வாதாடுவது நியாயமில்லை என்று தெரியும். பெரியவர், "நல்ல யோசனை. அடுப்பு எரியிற எடந்தானே வீடு" என்றார். சம்பந்தி டீயை ஊதிக்கொண்டிருந்தார். சூடு போய் வெகு நேரம் ஆகியிருந்தது.

ஆலந்தலை தாண்டியதும் தூரத்தில் கோபுரம் தெரிந்தது. தெரிந்த பிறகும் கிட்டே வரவில்லை. கடற்கரையில் எல்லாமே அப்படித்தான். எங்கள் ஊரில் ஒன்று தெரிந்தால் போய்ச்சேர்ந்துவிடலாம். சம்பந்தியின் உள்ளங்கால் வெடித்து மணலில் ரத்தம் தெரிந்தது. தோளைக் கொடுத்தேன். மறுக்கவில்லை.

திருச்செந்தூர்க் கடலில் அவர் முங்கினார். நானும் முங்கினேன். நிமிர்ந்து, கோபுரத்தைப் பார்த்து, கையைத் தலைக்கு மேல் குவித்தார். நான் காதைப் பொத்திக்கொள்ளத் தயாராக நின்றேன். "முருகா" என்றார். பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

கரையேறி வேட்டியைப் பிழிந்தோம். என்ன சொல்வாரோ என்று காத்திருந்தேன். பெரியதாழையில் நான் சோறு கேட்ட விதம் தப்பு என்றார். குலசேகரன்பட்டினத்தில் வீட்டுக் கதையை டீக்கடையில் சொன்னது தப்பு என்றார். லாரியில் நான் உட்கார்ந்த மூட்டை நல்ல மூட்டை, அவருக்கு விட்டது முள்ளுக் கருவாடு என்றார். எல்லாவற்றையும் வரிசையாக ஞாபகம் வைத்திருந்தார். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

பிறகு வேட்டியை உதறிக்கொண்டே, வேறு எங்கோ பார்த்தபடி கேட்டார்: "அந்தப் பம்பு செட்டு வீட்ல பொகைக்கூண்டு உண்டா?"

"இல்லீங்க."

"வைக்கணும். எங்க வீட்ல உள்ளவளுக்குப் பொகை ஆகாது."

ஊருக்கு வந்த வாரமே புகைக்கூண்டை நானே கட்டினேன். கொஞ்சம் சாய்ந்துவிட்டது, புகை போகிறது. மோட்டாரை வெளியே எடுத்து ஓலைக் கொட்டகையில் வைத்தோம். சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் ஏலக்காய் வாசனையோடு வந்து இறங்கி அடுப்பைப் பற்ற வைத்தார்கள். அன்றிலிருந்து எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கெல்லாம் அந்த வீட்டில் என்ன சமையல் என்று தெரியும்.

பேத்தி பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் பிறந்தாள். அழுகையைக் கேட்ட நர்ஸ், யார் வீட்டுத் தொண்டை என்று கேட்டாளாம். எல்லோரும் சம்பந்தியைத்தான் பார்த்தார்களாம். குழந்தை பம்பு செட்டு வீட்டுக்குத்தான் முதலில் வந்தது. நல்ல நாள் பார்த்து, சீர் தட்டோடு, அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். அதையும் இந்தப் பயணத்தோடு சேர்த்துத்தான் எழுத வேண்டும். ஒரு வரப்பு தூரம். மருமகள் குழந்தையை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு நடந்தாள். சம்பந்தி அந்த வரப்பு முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. நேர்ச்சை ஒன்றும் கிடையாது.

நடுவில் வாய்க்கால் குறுக்கிட்டது. "கணுக்கால் அளவுதானுங்க, எறங்குங்க" என்றேன்.

அவர் குழந்தையை மாரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, நின்று, குனிந்து தண்ணீரைப் பார்த்தார். வாய்க்கால் வரும் திசையையும் ஒருமுறை பார்த்தார். அதன் பிறகுதான் காலை வைத்தார்.